ஈயக்கூரையும் தூம்பு வாய்களும்

கன்னத்தில் கைவைத்து, நாக்கை நீட்டிக்கொண்டு, பாரிஸ் நகரத்தை அலுப்போடு பார்த்தபடி இருக்கும் கொம்பு முளைத்த அந்தக் கல்பிராணியைப் புத்தக அட்டைகளில் பார்த்திருப்பீர்கள். நோத்ர்தாம் தேவாலயத்து மழைநீர் அதன் வாய்வழியாகத்தான் கொட்டுகிறது என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். ஒரு சொட்டுத் தண்ணிகூட அதுவழியா வராது. அது இடைக்காலத்ததும் அல்ல. 1844இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த புனரமைப்பின்போது வியோலே-லெ-துக் என்ற கட்டடக்கலைஞர் புதிதாக வடிவமைத்து மேலே உட்காரவைத்தது.

வேலை செய்கிறவை வேறே. கூரைச் சரிவில் வரும் தண்ணீர் விளிம்பிலுள்ள கல் வாய்க்காலில் சேர்ந்து, வெளியே நிற்கும் தாங்குவளைவுகளின் முதுகில் வெட்டிய சாலில் இறங்கி, நீண்ட கழுத்துள்ள கல்மிருகத்தின் வாயால் சுவரைவிட்டு எட்டப்போய் விழுகிறது. கார்கோயில் என்பது இதுதான். அந்தப் பெயருக்கே தொண்டை என்றுதான் பொருள். கழுத்தின் நீளம் அழகுக்காக இல்லை. கிட்ட விழுந்தால் சுவர் நனையும், காரை கரையும், குளிர்காலத்தில் உள்ளே புகுந்த ஈரம் உறைந்து கல்லையே பிளக்கும். 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மேல்சுவர் ஜன்னல்களைப் பெரிதாக்கியபோது அமைந்த ஏற்பாடு இது. செதுக்கியவர்களின் பெயர்கள் நமக்கு வந்துசேரவில்லை. வராதது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

18ஆம் நூற்றாண்டில் தேய்ந்துபோன வாய்களை எடுத்துவிட்டு ஈயக்குழாய் செருகினார்கள். வியோலே-லெ-துக் குழாய்களை அகற்றிக் கல்வாய்களைத் திரும்ப வைத்தார். 2019க்கு முந்திய வருஷங்களில் அவற்றிலும் சில உடைந்துபோக, அந்த இடங்களில் பி.வி.சி. குழாய் (நம்ம மொட்டைமாடியில் இருக்கிற அதே சமாச்சாரம்) நீட்டிக்கொண்டிருந்தது. கலைரசிகர்கள் அதிர்ந்தார்கள். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. அது தண்ணியை வெளியே தள்ளியது. எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கட்டடத்தைக் கொண்டுசெல்வதும் புனரமைப்புதான் என்ற பொருளில் வியோலே-லெ-துக்கே எழுதியிருக்கிறார். 'மூலம்' என்பது மீட்கப்படுவதல்ல, கட்டமைக்கப்படுவது என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள் குறைவு.

ஆனால் இந்தச் சொல்லாடலுக்கு அடியில் ஒரு பருப்பொருள் கிடக்கிறது: ஈயம். கூரையிலும் ஊசிக்கோபுரத்திலும் 400 டன்னுக்கு மேல். 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் அது உருகியது. தூசியாகத் தெருக்களில் படிந்தது. ஜூலையில் பணித்தளத்தை நிறுத்திவைத்தார்கள். பக்கத்துப் பகுதியில் ஒரு பள்ளி வளாகத்தையும் மூடினார்கள். குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது. ஆனாலும் 2020 ஜூலையில் முடிவானது பழைய வடிவம், பழைய பொருள் என்பதுதான். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தபோது கூரையில் மறுபடி ஈயம். மழை அதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு, அந்த வாய்க்கால் வழியாகத்தான் நகரத்துக்குள் இறங்குகிறது.

வடிகாலை மீட்கிறோம் என்றால் தண்ணீர் போய்ச்சேரும் இடமும் அந்த மீட்பில் வரணும் இல்லையா? சுவரைக் காப்பாற்றக் கழுத்தை இத்தனை நீளமாகச் செதுக்கினார்கள். கீழே நிற்பவனைப் பற்றி வரைபடத்தில் ஒன்றுமில்லை. 2021இல் ஒரு தொழிற்சங்கமும் சில பெற்றோரும் ஈய விவகாரத்தில் குற்றப்புகார் கொடுத்தார்கள். கூரையின் 'அசல்தன்மை' குறித்து நான் படித்த கட்டுரைகளில் இந்தப் புகாருக்கு ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை.