ஒரே ஆல்பம், ரெண்டு சுருதி: முதல் ஜாஸ் இசைத்தட்டு வாங்கும் முன் இதைப் படிங்க!

ஜாஸ் பக்கம் காதைத் திருப்பியவர்கள் எல்லோரும் ஒருநாள் போய்ச் சேரும் ஆல்பம், மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959-ல் வெளியானது. உலகில் அதிகம் விற்ற ஜாஸ் ஆல்பங்களில் ஒன்று. ஆனால், அதன் முதல் பக்கம் 30 வருஷத்துக்கும் மேலாகத் தப்பான சுருதியில்தான் ஒலித்தது என்றால் நம்புவீங்களா?

நடந்தது இதுதான். 1959 மார்ச் 2-ம் தேதி நியூயார்க்கில், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்திருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டூடியோவில் மூன்று பாடல்கள் பதிவாகின. அன்றைக்கு மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் என்ன ஆகும்? இசை லேசாக வேகமெடுக்கும், சுருதியும் ஏறிவிடும். அந்த டேப்பில் இருந்துதான் இசைத்தட்டு வந்தது. கூடவே ஓடிய இன்னொரு மெஷின் சரியான வேகத்தில் பதிவு செய்திருந்தது. அதை வைத்து 1992-ல் வந்த பதிப்பில்தான் பிழை திருத்தப்பட்டது.

ஆக, பெரிய விலை கொடுத்து 1959-ம் வருஷத்து 'ஒரிஜினல்' தட்டை வாங்கினால், உங்களுக்குக் கிடைப்பது தப்பான சுருதி. சில நூறு ரூபாய்க்குப் பழைய சி.டி. ஒன்றை வாங்கினால், அதில் சரியான சுருதி இருக்கலாம். ஜாஸ் சேகரிப்பின் முதல் பாடமே இதுதான்: பெயரை மட்டும் பார்த்து வாங்காதீங்க, எந்தப் பதிப்பு என்று பாருங்க.

ஜாஸுக்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம்?

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-ல் வந்தது. அந்தக் கால 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். மேடையில் பத்து நிமிஷம் கற்பனையாக வாசிக்கிற கலைஞர்கூட, ஸ்டூடியோவில் மூன்று நிமிஷத்துக்குள் கதையை முடித்தாக வேண்டும்.

1948-ல் கொலம்பியா எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. 12 அங்குலம், நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கும் சற்று அதிகம், ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம் சொச்சம். ஜாஸுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் மொத்தமே ஐந்து பாடல்கள்தான். அதில் 'ஆல் ப்ளூஸ்' மட்டும் 11 நிமிஷத்துக்கு மேல் ஓடும். நம்ம ஊர்க் கச்சேரியில் ராகம் விரிவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த நிதானம் உடனே பிடிபட்டுவிடும்.

உறையின் பின்பக்கம்தான் உங்க மேப்

ஸ்ட்ரீமிங் ஆப் அடுத்த பாட்டை அதுவே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். தட்டு வாங்கினால் அந்த வேலை உங்களுடையது. அதற்கு வழிகாட்டி, உறையின் பின்னால் அச்சாகியிருக்கும் வாசித்தவர்களின் பட்டியல்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் டெனர் சாக்ஸஃபோன் ஜான் கோல்ட்ரேன். அவர் ஒலி பிடித்ததா? அடுத்து அவருடைய 'ப்ளூ ட்ரெய்ன்' வாங்குங்க. ஆல்டோ சாக்ஸஃபோன் கேனன்பால் ஆடர்லியா? அவருடைய 'சம்திங் எல்ஸ்' இருக்கு. அதில் மைல்ஸ் டேவிஸே இன்னொருவர் குழுவில் வந்து வாசித்திருப்பார். பியானோ வாசித்த பில் எவன்ஸ் மனதில் நின்றால், 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. 1961 ஜூன் 25 அன்று 'வில்லேஜ் வேன்கார்ட்' கிளப்பில் நேரடியாகப் பதிவானது. கண்ணாடி டம்ளர் சத்தமும் பேச்சுக்குரலும் பின்னால் கேட்கும். அதில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, அடுத்த 11 நாளில் கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 25. அது தெரிந்தபின் அந்தத் தட்டை முன்னமாதிரி கேட்க முடியாது.

தட்டின் நடுவில் ஒரு ரகசியக் குறியீடு

பாடல் முடிந்து, லேபிள் தொடங்கும் முன் வெறுமையான ஒரு வளையம் இருக்கும். அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்க. பொடி எழுத்துகள் தெரியும். தட்டின் ஜாதகம் அதுதான்.

1939-ல் தொடங்கிய ப்ளூ நோட் நிறுவனத்தின் பழைய தட்டுகளில் 'ஆர்.வி.ஜி.' அல்லது 'வேன் கெல்டர்' என்ற குறி இருக்கும். ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டரின் முத்திரை அது. கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே, நியூஜெர்ஸியில் தன் பெற்றோர் வீட்டு ஹாலில் பதிவு செய்யத் தொடங்கியவர் அவர். 1959-ல்தான் தனி ஸ்டூடியோவுக்கு மாறினார். இதோடு காது வடிவில் ஒரு குறியும் இருந்தால், 1960-களின் நடுப்பகுதிக்கு முன் அச்சான தட்டு அது. வெறும் 'ஆர்.வி.ஜி.' மட்டும் இருந்தால் அவசரப்பட்டு 'முதல் அச்சு'ன்னு முடிவு பண்ணாதீங்க. பிறகு வந்த மறு அச்சுகளிலும் அது உண்டு.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், இந்த எழுத்துகளின் போட்டோவைக் கேட்டு வாங்கி, டிஸ்காக்ஸ் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்க. போட்டோ அனுப்பத் தயங்குபவரிடம் பெரிய விலை கொடுக்க வேண்டாம்.

பழைய தட்டு வாங்கும்போது...

* நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் பெரும்பாலும் ஸ்பீக்கரிலும் 'டக்... டக்...' என்று கேட்கும்.
* கண் மட்டத்தில் பிடித்து, தட்டு வளைந்திருக்கிறதா என்று பாருங்க.
* உறைக்குள் இருப்பது அதே தட்டுதானா? எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க.
* தட்டு பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தால், தேய்ந்த ஊசியால் பலமுறை ஓட்டியிருக்கலாம். எவ்வளவு கழுவினாலும் அது சரியாகாது.

சி.டி.யைக் குறைச்சு எடை போடாதீங்க

1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் 74 நிமிஷம் வரை அடங்கும். அதனால் எல்.பி.யில் இடமில்லாமல் போன மாற்றுப் பதிவுகளும் சேர்ந்தன. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் 1997 சி.டி.யில் 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்' இரண்டு முறை இருக்கும். அதே கலைஞர்கள், அதே ராத்திரி இல்லை அதே நாள், ஆனால் வேறு கற்பனை. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. ஜாஸ் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்கத் தேவையே இருக்காது.

ஒரு எச்சரிக்கை: சி.டி.யின் பளபளக்கும் பக்கத்தைவிட லேபிள் பக்கம்தான் மென்மையானது. தகவல் அடுக்கு அதற்குச் சற்றே கீழேதான் இருக்கிறது. அங்கே விழும் கீறலைச் சரிசெய்ய முடியாது. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைங்க.

பிளேயர் வாங்குறவங்க கவனத்துக்கு

தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்த ஒலிகளைக் கூட்டித்தான் பதிப்பார்கள். அதைத் திரும்பச் சமன் செய்ய ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். பிளேயருக்குள் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க. பல கார்ட்ரிட்ஜ்களுக்கு ஊசியின் அழுத்தம் 2 கிராமை ஒட்டி இருக்கும். ஊசி கனமாக அழுத்தினாலோ தேய்ந்துபோயிருந்தாலோ உங்க தட்டையே அது அரித்துவிடும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க. வெயில் படவே கூடாது.

இன்னைக்கு ராத்திரி ஒரு பக்கம்!

எல்லாம் வாங்கியாச்சா? போனை அடுத்த ரூமில் வைங்க. ஒரே ஒரு பக்கம் போடுங்க. முதல் தடவை முழுசாகக் கேளுங்க. இரண்டாவது தடவை பால் சேம்பர்ஸின் பேஸை மட்டும் பின்தொடருங்க. மூன்றாவது தடவை ஜிம்மி காபின் டிரம்ஸ். ஒவ்வொரு தடவையும் வேற ஆல்பம் மாதிரி இருக்கும்.

நூறு தட்டு வாங்கி அலமாரியில் அடுக்குவதைவிட, பத்துத் தட்டைப் பத்துத் தடவை கேட்டவர்தான் நிஜமான சேகரிப்பாளர். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் பிழை அத்தனை வருஷம் ஓடியும் பலருக்குத் தெரியவே இல்லை. கூடவே வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தங்கள் வாத்தியம் அதோடு சேரவில்லை என்பது உறைத்தது. அந்த அளவுக்குக் கூர்ந்து கேட்டுப் பாருங்க, பாஸ்!