சுராங்கனி: ஒரு காதல் பாட்டின் கடல்வழி

'சுராங்கனி' இலங்கையில் பிறந்து தமிழ்நாட்டையும் ஆட வைத்த பைலாப் பாட்டு. காதலிக்கு மீன் கொண்டுவந்த ஒருவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இதன் பொருள். நிலாவும் மலரும் வராமல், அன்றைய மீன்பாடே காதற்பரிசாக வருவதுதான் இப்பாட்டின் தனி அழகு. ஏ. ஈ. மனோகரன் 1970களில் பாடிய இசைத்தட்டுகள் இதற்குப் புகழ் தேடித் தந்தன.

பைலாவின் வேர் போர்த்துக்கேயர் காலத்தது. அவர்கள் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆட்சி போனாலும் ஆட்டமும் பாட்டும் கரையோரத்தில் தங்கிவிட்டன. போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களான காப்பிரியர், மன்னாருக்குத் தெற்கே புத்தளம் பகுதியில் இன்றும் அந்தத் தாளத்தைக் காத்து வருகிறார்கள். பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வோலி பஸ்தியன் 1940களில் இந்த ஆறு தட்டுத் தாளத்தில் சிங்களப் பாட்டுகளைக் கட்டி, பைலாவை வெகுசன இசையாக்கினார்.

பாட்டில் வரும் மீன்கரை வாழ்வு மன்னார் மக்களுக்கு அந்நியமானதல்ல. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவம் பார்த்து வடமேற்குக் கரைக்கு வந்து வாடி அடித்துத் தங்குவது நெடுநாளைய வழக்கம். அவர்களில் பலருக்குத் தமிழும் சிங்களமும் வீட்டுமொழி போலவே பழக்கம். மடுமாதா கோயிலின் ஆவணித் திருவிழாவில் இரு மொழியாரும் ஒன்றாகக் கூடுவார்கள். கரைவலை இழுப்போர் களைப்புத் தெரியாமல் அம்பா பாடுவார்கள்: ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலில் ஏற்றுப் பாடுவார்கள். 'சுராங்கனி'யின் பல்லவியும் கூட்டமாகச் சேர்ந்து பாடத் தோதான கட்டமைப்பு உடையது. கேட்டவர் உடனே சேர்ந்து பாடிவிட முடிந்ததற்கு இது ஒரு காரணம்.

மனோகரன் வளர்ந்து வந்த காலம் ஈழத்துப் பொப்பிசையின் பொற்காலம். நித்தி கனகரத்தினம் போன்றோர் கிற்றாருடன் மேடையேறி, பேச்சுத்தமிழில் பாடிக் கொண்டிருந்தார்கள். 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய இலங்கை வானொலி அப்பாடல்களைத் தமிழ்நாட்டின் தென்கரை வரை கொண்டுசென்றது. 'சுராங்கனி'யைத் தமிழில் பாடியபோதும் மனோகரன் அதன் சிங்களப் பல்லவியை நீக்கவில்லை. இரு மொழிகளும் ஒரே மெட்டில் கலந்து நின்றன. மீனவர் வாழ்வைச் சொன்ன செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978இல் திரைப்படமானபோது அதிலும் அவர் நடித்தார்.

தமிழ்நாட்டில் இப்பாட்டு திரைக்கு வந்தது 1977இல். 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா இதை எடுத்தாள, மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள். பொருள் தெரியாத சிங்களச் சொற்களை அங்குள்ள மேடைப் பாடகர்கள் தமிழ்ச் சொற்களைப் போல வளைத்துப் பாடினார்கள். மீன் செய்தி மங்கியது. மெட்டும் பெண்ணின் பெயரும் நிலைத்தன. பின்னர் இந்தி, கொங்கணி முதலிய மொழிகளிலும் இப்பாட்டு ஒலித்தது.

அப்போது இரு கரைகளுக்கும் இடையில் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1914இல் தலைமன்னார் இறங்குதுறைக்கு ரயில் வந்ததும், தனுஷ்கோடிக்குக் கப்பல் சேவை தொடங்கியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் அது இராமேசுவரத்துக்கு மாறி, 1980களில் போர் மூளும் வரை நீடித்தது. வியாபாரிகளும் உறவினரும் கலைஞர்களும் அவ்வழியே போய் வந்தார்கள். கப்பல் நின்ற பின்னும் இசைத்தட்டும் ஒலிநாடாவும் பாட்டைக் காப்பாற்றின.

மனோகரன் பிற்காலத்தில் சென்னையில் குடியேறி, 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நகரங்களிலும் கலியாண வீடுகளில் 'சுராங்கனி' இன்றும் பாடப்படுகிறது. தமிழரும் சிங்களவரும் தமது பாட்டென்று ஒருங்கே உரிமை கொண்டாடும் பாடல்கள் மிகச் சில. அவற்றில் இது முன்வரிசையில் நிற்கிறது.