கரிசல் காயும் கம்போடியாக் காயும்

மாசி, பங்குனியில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் பருத்தி வெடிக்கும். அங்கே விளையும் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணியின் காய் சிறியது. நுனி கூர்த்து, தரையைப் பார்த்துத் தொங்கும். ஓடு உலர்ந்து பிளந்ததும் மூன்று நான்கு சுளையாகப் பஞ்சு பிதுங்கும். காய் கவிழ்ந்திருப்பதால் காலம் தவறி வரும் மழை ஓட்டின் முதுகில் வழிந்தோடிவிடும். பஞ்சு அவ்வளவாக நனையாது. பனி ஈரம் உலருமுன்பே பெண்கள் பருத்தி எடுக்க இறங்குவார்கள். வெயில் ஏறிவிட்டால் காயைச் சுற்றியுள்ள சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பொறுக்கி எடுப்பது பெரும்பாடு.

இந்தக் காயின் பஞ்சும் உப்பம் என்ற இன்னொரு நாட்டுப் பருத்தியின் பஞ்சும்தான் ‘டின்னவெல்லி’ என்ற பெயரில் தூத்துக்குடியில் கப்பலேறி லிவர்பூல் சந்தைக்குப் போயின. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து வரத்து நின்றபோது இந்தியப் பருத்திக்கு விலை எகிறியது. போர் முடிந்ததும் லங்காஷயர் ஆலைகள் பழைய குறையைப் பேசின: இழை குட்டை. கைராட்டைக்கு அது ஒருநாளும் குறையாக இருந்ததில்லை. ஆனால் எந்தக் காய் நிலத்தில் நிற்க வேண்டும் என்பதை அப்போது ஆலையின் கதிர்தான் முடிவுசெய்தது.

நீண்ட இழைக்கான தேடல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களை வரவழைத்து, 1842 முதல் 1853 வரை தாவரவியலாளர் ராபர்ட் வைட் பொறுப்பில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தது. உழவர்களிடையே அது பெரிதாக வேரூன்றவில்லை.

வேரூன்றியது கம்போடியாப் பருத்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இதுவும் அமெரிக்க இனமே. நான்கைந்து சுளை கொண்ட பருத்த காய். ஒரு கை எடுப்பிலேயே பை கனக்கும். கோயம்புத்தூர்ச் செம்மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் அதற்குப் பொருந்தின, சுற்றிலும் ஆலைகள் எழுந்தன. கரிசலில் தண்ணீர் ஏது? அங்கே மானாவாரிக் கருங்கண்ணியே நின்றது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் அந்தக் காயையே தேர்ந்து தேர்ந்து மேம்படுத்தியது. இன்றும் மதிக்கத்தக்க உழைப்பு அது.

விடுதலையின்போது இந்தியப் பருத்திப் பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு நாட்டு இனங்களே. அடுத்த சில பத்தாண்டுகளில் கணக்கு தலைகீழானது, 2002இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் அமெரிக்க இனம் ஏறக்குறைய எல்லாக் காட்டையும் பிடித்தது. இத்தனைக்கும் இலைச்சுருட்டை நச்சுயிரி நாட்டுப் பருத்தியை அண்டுவதில்லை, சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் அது பெருமளவு தாங்கும். கே 11 போன்ற கருங்கண்ணி ரகங்கள் கோவில்பட்டியிலிருந்து வந்தும், குட்டை இழைக்கு நல்ல விலை தருவோர் குறைவாக இருப்பதால் கரிசலில் இன்று அதை விதைப்பவர் சிலரே.