ஒலிவாங்கியும் சோளகக் காற்றும்

இந்தத் தொடரில் இதுவரை ஏட்டுப் பிரதிகளைப் பற்றியும் பழைய அச்சுப் புத்தகங்களைப் பற்றியுமே பேசி வந்தேன். இன்று ஒரு கருவியைப் பற்றிப் பேசப்போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் கருவிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இதோ, எனக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பதே அந்தக் கருவிதான். அதை நாம் மைக் என்கிறோம். எழுத்தில் ஒலிவாங்கி என்கிறோம்.

பேசாலையிலிருந்து என் மருமகன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, காசு குறைவா ஒரு நல்ல மைக் சொல்லுங்கோ. வீட்டிலயிருந்தே எங்கட ஊர்ச் சனத்தோட கதைச்சுப் பதிஞ்சு, இன்ரநெற்றில விடப்போறன்" என்றான். பொட்காஸ்ட் என்று இன்று சொல்லப்படும் காரியம் அது. அந்தச் சொல்லே 2004ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையில் பிறந்ததுதான். யாருடைய குரலை முதலில் பதியப்போகிறாய் என்று கேட்டேன். அவன் சொன்ன பெயர் என்னைச் சற்று நேரம் பேசவிடாமல் செய்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன்.

1979ஆம் ஆண்டு ஆடி மாதம். நான் அப்போது இளம் ஆசிரியன். கடன் வாங்கிய கசெற் றெக்கோடர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பேசாலைக் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பதிவு செய்வது என் எண்ணம். அம்பாவை ஒருவர் எடுத்துக்கொடுக்க, வலைக்கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் எதிரடி பாடுவார்கள். அன்று எடுத்துக்கொடுத்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர். அவரைப்போல் அந்தக் கரையில் அம்பா சொல்ல வேறு ஆள் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு பக்கம் முழுவதும் பதிந்தேன். இரவு வீட்டில் போட்டுக் கேட்டால், முக்கால் மணி நேரமும் காற்று. சோளகக் காற்று நாடாவை நிரப்பியிருந்தது. இடையிடையே எதிரடி மட்டும் தூரத்தில் கேட்டது. பெரியவரின் குரல் எழும் ஒவ்வொரு தடவையும் காற்று அதை அமுக்கிவிட்டது. அடுத்த கிழமை திரும்பப் போகலாம் என்றிருந்தேன். போக நேரவில்லை. அடுத்த வருடம் அவர் காலமானார்.

மருமகன் சொன்ன பெயர், அந்தப் பெரியவரின் மகளுடையது.

ஆகவே அவனுக்குக் கடைக்காரனைப்போல் ஒரு பெயரைச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மலிவான ஒலிவாங்கியின் கதையைச் சொன்னேன். அதை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

மலிவு என்பது இந்தக் கருவிக்குப் புதிதல்ல. 1878ஆம் ஆண்டில் டேவிட் எட்வேட் ஹியூஸ் என்பவர் லண்டனில் செய்து காட்டியதை நினைத்துப்பாருங்கள். மூன்று ஆணிகள், ஒரு மின்கலம். இரண்டு ஆணிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, அவற்றின்மேல் மூன்றாவதைத் தளர்வாகக் கிடத்தினார். சிறு ஓசை பட்டாலும் ஆணிகள் தொடும் இடத்தில் மின்னோட்டம் ஏறி இறங்கும். கம்பியின் மறுமுனையில் அது ஓசையாகத் திரும்பக் கேட்கும். ஹியூஸ் ஒரு காலத்தில் அமெரிக்காவில் இசையாசிரியராக இருந்தவர். தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்க மறுத்து, உலகத்துக்கே அதை விட்டுவிட்டார். தச்சுப் பட்டறையில் கூட்டித் தள்ளும் பொருளிலிருந்து பிறந்த கருவி, பின்னாளில் பணக்காரப் பொருளாகிப்போனது ஒரு வேடிக்கை.

நம் நாட்டு வானொலியின் பிறப்பும் இந்த வகைதான். 1923ஆம் ஆண்டில் கொழும்புத் தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வேட் ஹாப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார். 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று. ஆசியாவின் மூத்த வானொலிகளில் ஒன்று என்று நாம் பெருமைப்படுவது, கழித்துவிட்ட சாமான்களில் இருந்து எழுந்தது.

லண்டனில் பி.பி.சி.யும் இதே கணக்கைத்தான் போட்டது. 1930களின் தொடக்கத்தில் மிகச் சிறந்தவை அமெரிக்க நாடா ஒலிவாங்கிகள். மெல்லிய உலோக நாடா ஒன்று காந்தப் புலத்தில் தொங்கிக்கொண்டு குரலுக்கேற்ப அசையும் வகை அது. ஒன்றின் விலை நூறு பவுணுக்கு மேல். பி.பி.சி. மார்க்கோனிக் கம்பனியுடன் சேர்ந்து தானே ஒன்றைச் செய்தது. 1934இல் வந்த அதன் விலை ஒன்பது பவுண். பழைய படங்களில் அறிவிப்பாளர்களின் முன் மாத்திரை வடிவில் நிற்பதாகக் காணப்படுவது அந்த ஏழை வீட்டுப் பிள்ளைதான். இந்த நாடா மைக் முன்னும் பின்னும் ஒருபோலக் கேட்கும், பக்கவாட்டில் கேளாது. அதனால் நாடகம் நடிக்க இருவர் எதிரெதிரே நின்றால் போதும். ஆனால் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் ஒரு வீச்சுக் காற்றில் நாடா கிழிந்துவிடும்.

மேடைக்கு வேறொன்று வந்தது. 1939இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம், முன்னால் வரும் குரலை வாங்கிப் பின்னால் வரும் ஓசையைத் தள்ளிவிடும் கம்பிச்சுருள் மைக் ஒன்றை வெளியிட்டது. அதன் வழித்தோன்றலாக 1966இல் வந்ததுதான் ஐஸ்கிறீம் கோன்போல் இருக்கும் அந்த மைக். நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் பாட்டுக்காரர் கையில் நீங்கள் காண்பது அதுவோ அதன் நகலோதான். மின்சாரம் ஊட்ட வேண்டியதில்லை. கீழே விழுந்தாலும் பிழைக்கும்.

அடுத்தது 1962. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ற், கெரார்ட் செஸ்லர் என்ற இருவர், காந்தம் தன் காந்தத்தை வைத்திருப்பதுபோல் மின்னேற்றத்தை நிரந்தரமாக வைத்திருக்கும் மெல்லிய படலம் ஒன்றை மைக்கில் பொருத்தினார்கள். வெஸ்ற் ஒரு கறுப்பின அமெரிக்கர். அந்த 'இலெக்ற்றெற்' மைக் மொச்சைக் கொட்டை அளவுதான். செய்வதற்குச் செலவும் மிகச் சொற்பம். கசெற் றெக்கோடருக்குள்ளும் தொலைபேசிக்குள்ளும் சட்டைப்பையில் குத்தும் மைக்குக்குள்ளும் புகுந்தது அதுவே. என் தோளில் 1979இல் தொங்கிய பெட்டிக்குள்ளும் அதுவே இருந்தது. நாலு பக்கத்திலிருந்தும் வரும் ஓசையை அது ஒரே மாதிரி வாங்கும். போதாக்குறைக்கு அந்தப் பெட்டியில் ஓசை கூடினால் தானாகவே பதிவைக் குறைக்கும் அமைப்பு இருந்தது. காற்று மோதும்போதெல்லாம் பெட்டி பயந்து பதிவைக் குறைத்தது. அதனோடு பெரியவரின் குரலும் குறைந்தது. இது எனக்குப் புரிய இருபது வருடம் எடுத்தது. அதுவரை காற்றையே நொந்துகொண்டிருந்தேன்.

மன்னார்த் தீவின் காற்றைப் பற்றி வெளியூர் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுநிலமென்று ஒன்றில்லாத மணல் தீவு அது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அந்தக் காற்றை நம்பித்தான் 2020ஆம் ஆண்டில் தீவின் தென்கரையில் முப்பது காற்றாடிகளை நிறுத்தி, 103.5 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் 'தம்பபவனி' நிலையத்தைத் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் மைக் வாங்கும்போது முதலில் காற்றைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

இதில் இலக்கியம் எங்கே என்றால், சொல்கிறேன். 1960களில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மன்னார்ப் பகுதி நாட்டுக்கூத்துகளை ஏடுகளிலிருந்து எடுத்துப் பதிப்பித்தார். மூவிராசாக்கள் நாடகமும் ஞானசவுந்தரி நாடகமும் அப்படித்தான் நம் கைக்கு வந்தன. அவர் செய்தது மகத்தான வேலை. ஆனால் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று அண்ணாவிமார் பிரித்துச் சொல்லும் அந்த மெட்டு வேறுபாட்டை அச்செழுத்து எப்படிக் காட்டும்? பக்கத்தின் மேலே 'தரு' என்றோ 'விருத்தம்' என்றோ போடலாம், அவ்வளவுதான். கூத்துக்காவது ஏடு இருந்தது. அம்பாவுக்கு அதுவும் இல்லை. 1990இல் தீவின் சனம் பல திசைகளில் சிதறியது. தமிழர் பலர் படகேறி இராமேசுவரம் போனார்கள். அந்த ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் கரையில் குடியேறினார்கள். தலைமன்னார் ரயில் 2015இல்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. அந்த இருபத்தைந்து வருடத்தில் எத்தனை குரல்கள் பதியப்படாமல் போயின என்று கணக்கெடுக்க ஆளில்லை.

மருமகனிடம் திரும்புகிறேன். அவன் ஏற்கெனவே ஒரு பளபளப்பான மேசை மைக்கில் கண் வைத்திருந்தான். கொண்டென்சர் வகை. நுண்ணிய ஓசையையும் பிடிக்கும் என்று விளம்பரம். "தம்பி, அதுதான் அதன்ர குறை" என்றேன். மெத்தை பதித்த ஒலிப்பதிவு அறையில் அது அரசன். அவன் வீடோ மீள்குடியேற்றத்தின்போது கட்டிய சீமெந்து வீடு; தகரக் கூரை, வெறும் சுவர், தலைக்குமேல் காற்றாடி, வெளியே காகம். அத்தனையையும் அந்த மைக் பதிந்து தரும். அவனுக்கு வேண்டியது கம்பிச்சுருள் மைக். 'டைனமிக்' என்று கேட்டால் கடையில் தெரியும். கணினியில் நேரே யூ.எஸ்.பி. வயரில் செருகக்கூடியதாயும், பின்னாளில் மிக்சரில் பூட்டக்கூடியதாயும் இரண்டு வாயும் உள்ளது கிடைக்கிறது. சம்சன் கியூ2யூ அப்படிப்பட்ட ஒன்று. பழையதாகக் கிடைத்தாலும் பயப்படாமல் வாங்கலாம். இந்த வகை இலகுவில் பழுதாகாது. 2022இல் ரூபாய் விழுந்து ஒரு டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போன பிறகு, இறக்குமதிச் சாமான் எதையும் புதிதாக வாங்குவது நம்மவர்க்கு யோசிக்க வேண்டிய விடயமாகிவிட்டது.

மைக்கைவிட முக்கியம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். நாலு விரல். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறத்தாழ இருமடங்கு வலுவாக விழும். காகமும் காற்றாடியும் இருந்த இடத்திலேயே இருக்கும். காசு செலவில்லாத வித்தை இது. நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் கடைவாய்ப் பக்கமாக வைத்தால் மூச்சு மோதாது. நம் பகரம் ஆங்கிலத்துப் பகரம்போல் வெடித்து வராதது ஓர் அனுகூலம். அறைக்கு, சேலைகள் தொங்கும் அலுமாரியைத் திறந்துவிட்டு அதன் முன் உட்காரச் சொன்னேன். பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. பனையோலைப் பாய் அழகுக்கு மட்டும்.

மைக்கைக் கண்டால் பேச்சு மறந்துபோகும் முதியவர்களுக்குச் சேலைக்கரையில் குத்தும் சின்ன மைக்தான் சரி. அது இலெக்ற்றெற், மலிவு. ஆனால் வீட்டுக்குள் மட்டும். கடற்கரையில் என்றால் மயிர்ப் போர்வை போர்த்தாமல் எந்த மைக்கையும் வெளியே எடுக்கக்கூடாது. காற்று மோதும் இடத்தில் சுழன்று படலத்தை நேரே அடிப்பதுதான் அந்த இரைச்சல். போர்வை அந்தச் சுழலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, உள்ளே காற்றை அமைதியாக வைத்திருக்கும். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் காற்றொதுக்கில் நின்று, சோளகம் முடிந்து வாடை தொடங்குமுன் உள்ள நாட்களில், விடியற்காலையில் பதிய வேண்டும். இவ்வளவும் 1979இல் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

போன மாதம் அவன் தன் முதல் பதிவை அனுப்பினான். பழைய டைனமிக் மைக் ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறான். அந்தப் பெரியவரின் மகளுக்கு இப்போது எழுபதுக்கு மேல். குரல் பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் தெளிவாக விழுந்திருக்கிறது. பின்னால் எங்கோ ஒரு கழுதை கத்துவது மட்டும் கேட்கிறது. அதை வெட்டவேண்டாம் என்று எழுதினேன். தகப்பனின் அம்பாவைப் பாடச் சொல்கிறான். அவர் பாடுகிறார். சின்ன வயதில் கரையில் நின்று கேட்டது அவருக்கு எதிரடி மட்டுமே நினைவில் இருக்கிறது. ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பாடியது அதைத்தானே. எதிரடியைப் பாடிவிட்டு, "ஐயா சொல்லுறது வரும் இதில" என்று நிறுத்துகிறார். பிறகு அடுத்த எதிரடி. ஏழு இடத்தில் அப்படி நிற்கிறார்.

என் பழைய நாடாவைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். காற்றைக் குறைத்து அடியிலிருக்கும் குரலைக் கிளப்பும் கணினி நிரல்கள் இப்போது வந்திருக்கின்றனவாம். மருமகன் அதை அனுப்பச் சொன்னான். அந்த ஏழு இடங்களில் ஒன்றிரண்டாவது அதில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அனுப்புமுன் நாடாவின் பூஞ்சணத்தைத் துடைக்க ஓர் ஆளைப் பிடித்திருக்கிறேன்.