குடவோலை முறை

குடவோலை முறை என்பது, சோழர் காலத்தில் பிராமணர்க்கு விடப்பட்ட பிரமதேயக் கிராமங்களில் ஊர்க்காரியங்களை நடத்திவந்த வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் பொருட்டு, தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, திருவுளச்சீட்டாக எடுத்த ஏற்பாடாகும். இதன் விதிகள் முழுமையாகக் கிடைப்பது காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் வெட்டப்பெற்றுள்ள இரண்டு சாசனங்களிலேயாகும். அவை முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு, அதாவது முறையே கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு, உரியவை.

முன்வரலாறு: கயிற்றால் பிணித்து இலச்சினையிட்ட குடத்திலிருந்து ஓலைகளை எடுக்கும் வழக்கம் அகநானூற்றின் 77ஆம் பாட்டில் உவமையாக வருவதால், இம்முறை சங்க காலத்திலேயே வேரூன்றியது என்று கொள்வாரும், அது ஆவணக் குடத்தையே குறித்தது என்று கொள்வாரும் உளர். பிரமதேய ஊரவையாகிய சபையின் நடவடிக்கைகளுக்கு எழுத்து வடிவில் வரம்பு கட்டிய முயற்சி, திருநெல்வேலியை அடுத்த மானூரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஏறக்குறைய கி.பி. 800இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டிலே தெளிவாகக் காணப்படுகிறது. சபையில் அமர்வோருக்குரிய கல்வித் தகுதியை வரையறுத்ததோடு நில்லாமல், கொண்டுவரப்படும் காரியம் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவர், தமக்குத் துணைநிற்பவரோடு சேர்ந்து ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்றும் அச்சபை விதித்தது. கருத்து வேற்றுமை சபைக்கு இயல்பு என்பதையும், வேற்றுமையே தொழிலாகிவிட்டால் காரியம் முடங்கும் என்பதையும் அவர்கள் ஒருங்கே உணர்ந்திருந்தனர் என்று இதனால் அறியலாம்.

உத்தரமேரூர் விதிகள்: முதற் சாசனத்தை நிறைவேற்றியபோது அரசாணையின்படி தத்தனூர் மூவேந்தவேளான் என்னும் அதிகாரி உடனிருந்தான், இரண்டே ஆண்டுகளில் அவ்விதிகளைத் திருத்தியும் விரித்தும் மறுபடி கல்லில் வெட்ட நேர்ந்தபோது சோமாசிப் பெருமான் உடனிருந்தான். 30க்கு மேல் 60க்கு உட்பட்டது என்று முதலில் குறிக்கப்பட்ட வயது, பின்னர் 35க்கு மேல் 70க்கு உட்பட்டதாக மாற்றப்பட்டது. எழுதிய விதியை நடத்திப் பார்த்து, குறை கண்ட இடத்தில் தயங்காது மாற்றிய இச்செயல், விதிகளைப் போலவே கவனிக்கத்தக்கது.

இரண்டாம் சாசனத்தின்படி, ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாகவும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பவனாகவும், மந்திர பிராமணம் கற்றவனாகவும் இருப்பவனுடைய பெயரே குடத்துக்குச் செல்லும். வேதம் ஒன்றையும் பாஷ்யம் ஒன்றையும் ஓதியவனாயின் அரைக்கால் நிலமே போதும். முந்திய மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவன் ஆகான். யாதொரு வாரியத்திலேனும் இருந்து கணக்குக் காட்டாது விட்டவன் எக்காலத்தும் ஆகான். அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று உறவுமுறை ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு, அவர்களும் விலக்கப்பட்டனர். பெரும்பாதகம் புரிந்தோரும் பிறர் பொருளைக் கவர்ந்தோரும் அவ்வாறே விலக்கப்பட்டனர்.

ஓலை எடுத்தல்: குடும்புதோறும் எழுதப்பட்ட ஓலைகளை ஒரு கட்டாகக் கட்டி, அக்குடும்பின் பெயர் தாங்கிய வாயோலையை மேலே வைத்து, முப்பது கட்டுகளையும் குடத்தில் இடுவர். இளைஞரும் முதியோரும் உட்பட மகாசபை நிறைந்து கூடியிருக்க, ஊரில் உள்ள கோயில் அர்ச்சகராகிய நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் நடுவே அமர்ந்திருக்க, அவருள் மூத்தவர் எழுந்து, அனைவரும் காணுமாறு குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுபிள்ளை ஒருவனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, அதன் ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அவற்றுள் ஒன்றை அப்பிள்ளையே எடுத்து, ஊர்க் கணக்கெழுதும் மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிக்க வேண்டும். பின்னர் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன் பிறகே அப்பெயர் ஏற்கப்படும். ஓலையை மாற்றிவைக்க வழியுள்ள இடம் ஒவ்வொன்றிலும் பலர் கண்கள் படுமாறு இம்முறை வகுக்கப்பட்டிருந்தது. தனியொருவரைச் சுட்டிச் சந்தேகிக்காமல் எல்லாரையும் ஒரே அளவில் ஐயுற்றமையால், இதில் எவருக்கும் அவமானமும் இல்லை.

வாரியங்களும் பணியும்: இவ்வாறு வந்த முப்பதின்மருள், முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணிபுரிந்தவரும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவருமாகிய பன்னிருவர் பொதுக் காரியம் பார்க்கும் சம்வத்சர வாரியம் ஆவர், எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் ஆவர். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியே ஓலை எடுத்து அறுவர் அறுவராக அமர்த்தினர். சீட்டு ஆளைக் கொடுத்ததேயன்றிப் பதவியைக் கொடுக்கவில்லை. வைரமேக தடாகம் என்னும் பேரேரியின் காரியத்தையோ தோட்டங்களின் காரியத்தையோ நேரில் பார்த்துத் தேர்ந்தவனே ஊரின் பொதுக் காரியத்துக்கு உயர்ந்தான். பதவிக் காலம் 360 நாள். இடையில் குற்றம் காணப்பட்டவன் அப்போதே நீக்கப்படுவான். கணக்கெழுதும் மத்தியஸ்தனும், தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள் முன் காட்டிச் சுத்தன் என்று பெயர் பெறாதவரை, மறுபடி கணக்கெழுத முடியாது. அவன் கணக்கில் பிறன் புகவும் கூடாது.

எல்லைகள்: இதனைப் பிற்காலத்து வாக்குரிமையோடு ஒப்பிடுவது வழக்கமாயினும், இங்கே பெரும்பான்மை எண்ணப்படவில்லை, யாரும் யாரிடமும் ஆதரவு வேண்டவுமில்லை. பெண்டிரும், நிலமிலாரும், வேதம் ஓதாதாரும் குடத்துக்கு வெளியிலேயே நின்றனர். பிரமதேயமல்லாத ஊர்களில் ஊர் என்னும் அவையும், வணிகர் வாழிடங்களில் நகரம் என்னும் அவையும் காரியம் பார்த்தன. அவற்றின் நடைமுறையை இத்துணை விரிவாகக் கூறும் சாசனம் இல்லை.

பிற்காலம்: சோழப் பேரரசு வீழ்ந்தபின் சபைகளின் அதிகாரம் சுருங்கி, இம்முறையும் மறைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வி. வெங்கய்யா இச்சாசனங்களைத் தொல்பொருள் துறை அறிக்கையில் விளக்கியும், பின்னர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் ஆட்சி பற்றிய ஆராய்ச்சிகளில் விரித்தும் எழுதியபின் அவை நாடறிந்தவையாயின. 1948 நவம்பரில், கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றிய ஷரத்து அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, சென்னை மாகாண முன்னாள் பிரதமர் டி. பிரகாசம் உத்தரமேரூரை எடுத்துக்காட்டினார். அந்த ஷரத்தே அரசியலமைப்பின் 40ஆம் பிரிவாக அமைந்தது. 1992இல் நிறைவேறிய 73ஆம் திருத்தம் பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்து, பழைய ஏற்பாட்டில் இடமற்றிருந்த பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடங்களை ஒதுக்கிற்று.

கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதி இன்றும் உண்டு: தேர்தற் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாத வேட்பாளரை மூன்றாண்டு தகுதியற்றவராக்க 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழிசெய்கிறது. உத்தரமேரூர்ச் சபை கேட்டதோ, பதவிக்கு வருவதற்குச் செய்த செலவின் கணக்கை அன்று. பதவியில் இருந்து நடத்திய காரியத்தின் கணக்கையே. அதனைக் காட்டாதவனுக்கு விதித்த விலக்குக்கும் அச்சபை கால வரையறை வைக்கவில்லை.