சாலொமோனின் மூன்று பருவங்கள்

எபிரேய விவிலியத்தில் சாலொமோன் ராஜாவின் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் நூல்கள் மூன்று. உன்னதப்பாட்டில் காதல் ததும்புகிறது. நீதிமொழிகளில் ஒரு தகப்பன் ஜாமீன் போடாதே, சோம்பித் திரியாதே, நாவை அடக்கு என்று மகனுக்குப் புத்தி சொல்கிறார். பிரசங்கியிலோ எதிலும் சாரமில்லை என்று ஒரு குரல் சலித்துக்கொள்கிறது. எல்லாம் ஒரே ஆள் எழுதியதா?

ஆம், வயதுதான் வேறு என்றார் 3ஆம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் வாழ்ந்த யூத அறிஞர் ரபி யோனத்தான். வாலிபத்தில் பாட்டு, நடுவயதில் நீதிமொழி, கிழவனான பிறகு விரக்தி. உலக வழக்கமே அதுதானே என்பது அவர் வாதம். மூன்றுமே முதுமையில் பிறந்தவை என்ற ரபி ஹிய்யாவின் மாற்றுக் கருத்தும் அவர் வாதத்தைச் சொல்லும் யூத விளக்க நூலிலேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் ஊர் வாயில் நின்றது யோனத்தான் சொன்னதுதான்.

பிரசங்கிக்கு எழுந்த யூத விளக்கம் இன்னும் குறும்பானது. நூலின் தொடக்கத்தில் 'மாயை' ஏழு தடவை வருவதாகக் கணக்கிட்டு, மனித வாழ்வையே ஏழாக வகுத்துவிட்டது. ஒரு வயதுக் குழந்தை ராஜா, எல்லாரும் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். இரண்டு மூன்று வயதில் சேற்றில் கைவிடும் பன்றி. பத்தில் துள்ளும் ஆட்டுக்குட்டி, இருபதில் பெண் தேடிக் கனைக்கும் குதிரை. கல்யாணமானால் கழுதை. பிள்ளைகள் பிறந்ததும் சோற்றுக்காக வெட்கத்தை விட்ட நாய். கடைசியில் குரங்கு. வேதம் கற்றவர்களுக்கு மட்டும் சலுகை: அவர்கள் கிழவரானாலும் ராஜாதானாம். எழுதியவர்களும் வேதம் கற்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் சாலொமோனை ஒதுக்கிவிட்டார்கள். அவர் கி.மு. 10ஆம் நூற்றாண்டுக்காரர், பிரசங்கியிலோ பிற்காலத்துப் பாரசீகச் சொற்கள் கலந்திருக்கின்றன. நீதிமொழிகளின் ஒரு பகுதி எகிப்திய அறிவுரை நூலான அமெனெமோபேயை ஒட்டியே செல்வதை 1924இல் எகிப்தியல் அறிஞர் அடால்ஃப் எர்மன் காட்டினார்.

கிறிஸ்தவர்கள் எழுதியவரின் வயதைவிட வாசிப்பவரின் வயதைப் பார்த்தார்கள், வரிசை மாறிப்போனது. முதலில் நீதிமொழிகள், அடுத்து பிரசங்கி, உன்னதப்பாட்டு கடைசியில் என்றார் இறையியலாளர் ஓரிகன். முதிர்ந்த வயது வரும்வரை அந்தப் பாட்டை யூதர்கள் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை என்ற செய்தியையும் அவரே குறித்துவைத்தார். வாலிபன் பாடியதாகச் சொல்லப்பட்ட பாட்டு வாலிபர்களுக்கு விலக்கு!

சுமார் 403இல் பெத்லகேமிலிருந்து விவிலிய அறிஞர் ஜெரோம், ரோமில் இருந்த லேத்தா என்ற தாய்க்கு எழுதிய கடிதம் இதற்கு நல்ல சாட்சி. லேத்தாவின் மகள் சிறுமி பவுலா சங்கீதங்களில் தொடங்கி, நீதிமொழிகளில் நடத்தை கற்று, பிரசங்கியில் உலகப் பற்றை விட வேண்டும். மற்ற வேதப் பகுதிகளை எல்லாம் முடித்த பிறகே உன்னதப்பாட்டைத் தொடலாம். முன்னதாகப் படித்தால், சரீர வார்த்தைகளுக்குள் இருக்கும் ஆன்மீகத் திருமணம் புரியாமல் மனம் காயப்படும் என்று அஞ்சினார்.

பிரசங்கியைப் பொறுத்தவரை அந்தத் தயக்கம் அவருக்கு இருந்ததில்லை. அந்தச் சிறுமியின் அத்தை பிளெசில்லா இளம் விதவை; உலக ஆசை விடட்டும் என்று ரோமில் அவளுக்கு அந்நூலை வாசித்துக்காட்டியவரே ஜெரோம்தான். 384இல், இருபது வயதளவில், அவள் இறந்துபோனாள். அவள் கேட்டிருந்த விளக்கவுரையைச் சில ஆண்டுகள் கழித்தே எழுதி, அவளுடைய தாய்க்கும் தங்கைக்கும் சமர்ப்பித்தார்.

யூத ஜெபாலயங்களில் வயதுக் கணக்கு நாளடைவில் பண்டிகைக் கணக்குக்கு வழிவிட்டது. வசந்தத்தில் வரும் பஸ்காவுக்கு உன்னதப்பாட்டும், இலையுதிர்காலக் கூடாரப் பண்டிகைக்குப் பிரசங்கியும் வாசிக்கும் வழக்கம் பல சபைகளில் இன்றும் உண்டு. பத்து வயதுப் பையனும் தொண்ணூறு வயதுத் தாத்தாவும் இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறார்கள்.