நீலத் தோலுறையும் மூன்று கடற்காகங்களும்

நாஜிக் கட்சியின் விமானப் படையணியான என்.எஸ்.எஃப்.கே. 1937 ஏப்ரலில் உருவானது. அதன் சீருடைச் சாமான்களில் பல அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை. 1933-ல் தொடங்கிய ஜெர்மன் விமான விளையாட்டுச் சங்கத்திடமிருந்து கைமாறி வந்தவை அவை. ஜெர்மனி விமானப்படை வைத்திருக்க வெர்சாய் உடன்படிக்கை தடை விதித்திருந்தது. 'விளையாட்டு' என்ற பெயர் அந்தத் தடைக்கு முன்னால் இழுத்துவிட்ட திரை. அந்தச் சங்கத்தின் நீலம் கலந்த சாம்பல் நிறச் சீருடைதான் 1935-ல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட ஜெர்மன் விமானப்படையான லுஃப்ட்வாஃபேக்கு முன்மாதிரி.

சங்க அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது நீண்ட குத்துவாள். பிடியிலும் உறையிலும் நீலத் தோல். பிடியின்மேல் இறுகச் சுற்றிய கம்பி. கைக்காப்பு இரண்டு பக்கமும் வளைந்த சிறகுகளாக விரியும்; நடுவில் ஸ்வஸ்திகா. பார்க்க அழகான பொருள்தான். ஆனால் விமானம் ஓட்டுகிறவனுக்கு வாள் எதற்கு? விளையாட்டுச் சங்கம் என்ற பேச்சு பொய் என்பதற்கு இந்தக் குத்துவாளே சாட்சி. சிறு மாற்றங்களோடு லுஃப்ட்வாஃபே அதிகாரிகளும் இதையே அணிந்தார்கள். கீழ்நிலையினருக்கு, அதே சிறகுக் கைக்காப்புடன், குட்டைக் கத்தி. படையணியின் தனிச் சின்னம் சிறகு விரித்த கிரேக்கப் புராண இகாரஸ்.

இவற்றையெல்லாம்விட ஆழமான கதை, சட்டையில் குத்திய சிறு வட்டச் சின்னத்தில் இருக்கிறது. நீலப் பின்னணியில் வெள்ளைக் கடற்காகம். கிளைடரில் முதல் நிலை தேறினால் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதான 'சி' நிலைக்கு மூன்று. ஹிட்லர் இளைஞர் படைச் சிறுவர்கள் இந்தப் பறவைகளுக்காகவே கிளைடரை மேட்டுக்கு இழுத்து ஏற்றினார்கள்.

'சி'க்கு மேலே 'வெள்ளி சி': மூன்று கடற்காகங்களைச் சுற்றி வெள்ளி மாலை. 50 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் உயர ஏற்றம், 5 மணி நேரப் பறப்பு ஆகியவற்றை முடித்தவருக்கே அது கிடைக்கும். 1931-ல் அதை முதன்முதலாகப் பெற்றவர்களில் ஒருவர் ராபர்ட் க்ரோன்ஃபெல்ட், ஆஸ்திரிய யூதர். 1929-ல் கிளைடரில் முதன்முதலாக 100 கிலோமீட்டரைத் தாண்டியவர். 1931-ல் ஒரே நாளில் ஆங்கிலக் கால்வாயைப் போகவும் வரவும் கடந்தவர். ஜெர்மனியின் கிளைடர் களமான ரோன் மலையின் வாசர்குப்பே உச்சியில் அந்நாளில் அவரைத் தெரியாதவர் இல்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அதே ஜெர்மன் வானில் அவருக்கு இடமில்லாமல் போனது. யூதரை விரட்டியவர்கள், அவர் வென்ற சின்னத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தின் வீரன் யார் என்று கேட்டால், குத்துவாள் தொங்கவிட்டவர்களுக்கு முன் க்ரோன்ஃபெல்ட் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பிரிட்டனில் குடியேறி, போர்க்காலத்தில் ராயல் விமானப்படையில் பணியாற்றிய அவர், 1948-ல் வாலில்லாத சோதனைக் கிளைடர் ஒன்று விழுந்து இறந்தார்.

 1945 அக்டோபரில் நேச நாடுகளின் சட்டம் என்.எஸ்.எஃப்.கே. படையணியைக் கலைத்தது. ஸ்வஸ்திகா பொறித்த குத்துவாளையும் இகாரஸையும் அதன்பின் யாரும் அணியவில்லை. கடற்காகங்களை மட்டும் உலகெங்கும் கிளைடர் ஓட்டுபவர்கள் இன்றும் அணிகிறார்கள்.